பனிக்குடத்தில் பனி இருக்குமா?

அன்பு மகளுக்கு,

பத்து நாள் என்னிடம் இருந்த உன் மகனை நேற்று பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, ஃபெரி ஏறிப் பினாங்கு வீடு வந்து சேர்ந்தேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய், நானும் மறந்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். இங்கிருந்த நாள்களில் அவன் என்னிடம் என்னவெல்லாம் கேட்டான், நான் என்ன பதில் சொன்னேன் என்பது உனக்குத் தெரிந்திருந்தால்தான், அவன் விட்ட இடத்திலிருந்து நீ தொடர முடியும்.

வந்த மறுநாள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே, அம்மா சாப்பிடும் இட்லியெல்லாம் பாப்பாவின் தலையில் விழுமா என்று கேட்டான். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தபோது குற்றம் நம்முடையது என்று தெரிந்தது. வயிறு நிறையச் சாப்பிடு என்கிறோம், வயிற்றில் பாப்பா இருக்கிறது என்கிறோம்; இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளை வேறு என்னதான் நினைப்பான்? சாப்பாடு போகும் இடம் இரைப்பை, பாப்பா வளரும் இடம் கருப்பை, இரண்டும் வேறு வேறு பைகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி இல்லை என்று சொன்னேன். பை என்ற சொல் அவனுக்குப் பிடித்துவிட்டது. அப்படியானால் பாப்பாவுக்கு யார் ஊட்டுகிறார்கள் என்று கேட்டதற்கு, அவனுடைய தொப்புளையே காட்டினேன். அங்கேதான் ஒரு கொடி இருந்தது, அதன் வழியாகத்தான் அம்மாவின் இரத்தத்திலிருந்து சத்து வந்தது, பிறந்தவுடன் கொடியை வெட்டினார்கள், மிச்சமிருந்த துண்டு காய்ந்து தானே விழுந்துவிட்டது என்றேன். அன்று மாலைவரை சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பனிக்குடம் என்ற சொல் என் வாயிலிருந்து தவறிப்போய் வந்தது. தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் தூக்கிப்போவதை அவன் பார்த்திருக்கிறான் அல்லவா, அதனால் குடம் என்றதும் பித்தளைக் குடமாகவே நினைத்துக்கொண்டான். பனி இருந்தால் பாப்பாவுக்குக் குளிராதா என்று கவலைப்பட்டான். அது மெல்லிய தோலால் ஆன குடம், அதிலிருக்கும் நீர் அம்மாவின் உடம்பைப் போலவே வெதுவெதுப்பாக இருக்கும், பாப்பா அதில் மிதந்துகொண்டு அந்த நீரையே குடிக்கும், அதிலேயே மூத்திரமும் போகும் என்றேன். கடைசியில் சொன்னதைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

சந்தையில் முட்டை வாங்கும்போது, இதற்குள் குஞ்சு இருக்கிறதா என்று கடைக்காரரையே கேட்டுவிட்டான். சேவலோடு சேராத கோழியும் முட்டையிடும், ஆனால் அதில் குஞ்சு வராது. சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டையை 21 நாள் அடைகாத்தால்தான் குஞ்சு பொரிக்கும் என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தேன். இந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நீயே ஊகித்திருப்பாய். அம்மாவும் முட்டை போடுவாரா, அப்பா எதற்கு என்று கேட்டான். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அம்மாவின் உடம்பில் உண்டாகும் முட்டை இந்தப் புள்ளியைவிடச் சிறியது, அதற்கு ஓடு கிடையாது, அப்பாவின் உடம்பிலிருந்து வரும் அதைவிடச் சிறிய அணு ஒன்று அதனோடு சேர்ந்ததும் பாப்பா வளரத் தொடங்குகிறது என்றேன். எப்படிச் சேர்கிறது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்கும் நாளில் நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். கேட்ட அளவுக்குச் சொன்னால் போதும், கேட்காததை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை என்பது பள்ளிக்கூடத்தில் இத்தனை ஆண்டுகள் சின்னப் பிள்ளைகளோடு இருந்து நான் கற்றது.

தாவரவியல் பூங்காவில் லோத்தோங் குரங்கு ஒன்று குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது. தாய் கருஞ்சாம்பல் நிறம், கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல் வெள்ளை வளையம்; குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். அது வேறு யாருடைய குட்டி என்றான். அதனுடையதுதான், சில மாதங்களில் நிறம் மாறித் தாயைப் போலாகிவிடும் என்றேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பாப்பா தன்னைப் போல இல்லாவிட்டாலும் நம் வீட்டுப் பாப்பாதானே என்று பிறகு கேட்டான். இந்தக் கேள்வியை மட்டும் நீ மறந்துவிடாதே.

இவ்வளவு பொறுமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாய். கேட்க உனக்கு உரிமை உண்டு. உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று என் அம்மா வேடிக்கையாகச் சொன்னதை நம்பி, தோட்டத்து லயத்து வீட்டின் பின்னால் இருந்த தவிட்டு மூட்டையைப் பார்த்துப் பார்த்து அழுதவள் நான். அப்படி இருந்தும், உன் தம்பி எங்கிருந்து வந்தான் என்று நீ கேட்டபோது, ஆஸ்பத்திரியில் வாங்கினோம் என்றேன். உண்டியலை உடைத்து, இந்தக் காசைக் கொடுத்து அவனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நீ வந்து நின்றதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம். அதற்குப் பின் நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. பதினொரு வயதில் பெரியவளானபோது, ஏதோ தீராத நோய் வந்துவிட்டது என்று பயந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் துணியை ஒளித்து வைத்திருந்தாயே, அந்தத் துணியைக் கண்டெடுத்த என் கை இன்றும் கூசுகிறது. அன்று நான் உன்னைத்தான் திட்டினேன்.

உடம்பின் உறுப்புகளுக்கு உள்ள பெயர்களையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். செல்லப் பெயர் வேண்டாம். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், எங்கே தொட்டார்கள் என்று சொல்லப் பிள்ளைக்குச் சொல் வேண்டும். கோயிலில் பருத்த உடம்புக்காரர் ஒருவரிடம் உங்கள் கருப்பையிலும் பாப்பா இருக்கிறதா என்று கேட்டுவைத்தான், அதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இதையெல்லாம் வீட்டில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை.

இன்னொன்று. குளிக்கும்போது உன் வயிற்றுத் தழும்பைப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது. பல குழந்தைகள் வெளியே வர அம்மாவின் உடம்பிலேயே வழி இருக்கிறது, உனக்கு அந்த வழி சரிவராததால் டாக்டர்கள் மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து உன்னை எடுத்துத் தைத்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்போது அம்மா அழுதாரா என்று கேட்டான். அதை அம்மாவிடமே கேள் என்று சொல்லியிருக்கிறேன். பென்சில் புள்ளி வைத்த அந்தத் தாளைப் புத்தகப் பையின் முன்னறையில் மடித்து வைத்திருக்கிறான். துணி துவைக்கும்போது குப்பை என்று எறிந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா