களிமண் தரைக்கும் நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விம்பிள்டன் டென்னிஸ் முதல் சுற்றில் நம் வீரர் தோற்றால் விளையாட்டுப் பக்கத்தில் படத்தோடு செய்தி வருகிறது. அதே வீரர் ஒரு சேலஞ்சர் போட்டியில் வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பை வாங்கினால் இரண்டு வரி. பல நாள் அதுவும் இல்லை. இத்தனை வருட வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன்: இந்த இரண்டாம் நிலைப் போட்டிகளுக்கு, அதிலும் களிமண் தரையில் நடப்பவற்றுக்கு, கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

2024 ஜூனில் ஜெர்மனியின் ஹைல்பிரானில் நம் சுமித் நாகல் ஜெயித்தது களிமண் சேலஞ்சர்தான். உலகத் தரவரிசையில் 95ஆம் இடத்தில் இருந்தவர் 77க்கு வந்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் ஆடும் வாய்ப்பு அந்த ஏற்றத்தால் கிடைத்தது. சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் தன் முதல் சேலஞ்சர் பட்டத்தை வாங்கியதும் களிமண்ணில், 2018இல் சீனாவின் ஆனிங்கில். மறு வருடமே உலகத் தரவரிசையில் 75ஆம் இடம். சேலஞ்சர் 50, 75, 100 என்று போட்டியின் பெயரோடு வரும் எண்தான் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. விம்பிள்டன் மாதிரி கிராண்ட்ஸ்லாம் போட்டியில் முதல் சுற்றில் தோற்றால் 10 புள்ளி. இதை ஒரு தடவை கட்டம் கட்டிப் போட்டாலே எங்கள் சேலத்துப் பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிடும்.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு கிளப்பில் மார்க்கராக, அதாவது கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக, இருந்தவர். அங்கே மண் கோர்ட். பனி விலகுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்பில் கோடு போட்டு வைப்பார். நான் பந்து பொறுக்குவேன். பந்து உள்ளேயா வெளியேயா என்று சண்டை வந்தால் அப்பா குனிந்து, பந்து மண்ணில் பதிந்த தடத்தைக் காட்டுவார். சுண்ணாம்பு துளி கலைந்திருந்தாலும் உள்ளேதான், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். ஐரோப்பாவில் தூவுவது செங்கல் பொடி, எங்கள் மண் வேறு. ஆனாலும் சேலஞ்சர் ஆட்டம் ஒன்றில் நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்து விரலால் தடத்தைக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கோர்ட்டில் பிறகு சிமெண்ட் போட்டுவிட்டார்கள். என் பேரன் சேலத்தில் ஆடுவதும் சிமெண்ட் தரையில்தான். சேலஞ்சர் ஆட்டங்களை இணையத்தில் காசில்லாமல் நேரலையாகப் பார்க்கலாம் என்பதால் மத்தியானத்தில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். "ஏன் தாத்தா எல்லாரும் சறுக்கிக்கிட்டே அடிக்கிறாங்க?" என்று கேட்டான். களிமண்ணில் பந்து வேகம் குறைந்து உயரமாக எழும்பும், ஒரே அடியில் புள்ளி எடுப்பது கஷ்டம், எதிராளியை அங்கும் இங்கும் ஓடவிட்டுப் பொறுமையாக ஆட வேண்டும் என்று சொன்னேன். அப்புறம் கேட்டான், "நேத்து நாகல் என்ன ஆனார்?" பேப்பரைப் புரட்டினோம். இல்லை.

திங்கட்கிழமை பக்கத்தில் எந்த ஊர், எந்தத் தரை, என்ன ஸ்கோர் என்று நாலு வரி போதும். வெட்டி ஒட்டுவதற்குப் பையன் நோட்டு வாங்கி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்