வட்டுக்கோட்டையும் கைதடியும் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வளர்ந்த கதையைச் சொல்லும் தங்கள் சிறப்புக் கட்டுரை வாசித்தேன். கதை இன்று பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியை விட்டு வெளியே வரவேயில்லை. சேர் பொன். இராமநாதன் 1921இல் தொடக்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974 ஒக்ரோபர் 6ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்தார். முதல் தலைவர் கைலாசபதி. 1979 ஜனவரி 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். முதல் துணைவேந்தர் வித்தியானந்தன். இவ்வளவும் கம்பஸ் பக்கம் போகாதவருக்கும் மனப்பாடம்.

விஞ்ஞான பீடம் தொடங்கியது வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த கட்டடங்களில். 1823இல் அமெரிக்க மிசனரிமார் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடக்கிய ஊர் அது. அங்கு படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். யாழ்ப்பாணத்து உயர்கல்வியை 1974இலிருந்து எண்ணத் தொடங்கினால் இவர்களையெல்லாம் எந்தக் கணக்கில் வைப்பது? நான் சித்தன்கேணியான், பக்கத்து ஊருக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மருத்துவ பீடமும் அப்படித்தான். 1978இல் அது தொடங்கியது கைதடி ஆயுள்வேத வைத்தியசாலையில். இங்கிலிஸ் வைத்தியம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு முதலில் இடங்கொடுத்தது நாட்டு வைத்தியம்! இன்னொன்று: யாழ்ப்பாண வளாகத்தின் ஆரம்ப வருடங்களில் சிங்கள மாணவரும் அங்கு படித்தார்கள். 1977 ஓகஸ்ட் கலவரத்தோடு அவர்கள் போய்விட்டார்கள். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கட்டுரையில் வன்னிப் பக்கமும் சுருங்கிவிட்டது. கிளிநொச்சி விவசாய பீடம் போரில் இடம்பெயர்ந்து பிறகு திரும்பியது, 2014இல் அறிவியல் நகரில் பொறியியல் பீடம் வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானதை மட்டும் ஏதோ இழப்பு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 1979இல் நாங்கள் தனியானதும் அப்படித்தானே?

வட்டுக்கோட்டையிலும் கைதடியிலும் பல்கலைக்கழக நிர்வாகம் இடத்துக்கொரு கல்வெட்டாவது வைக்கவேண்டும். அதைவிட அவசரமானது இன்னொன்று. அந்தக் கட்டடங்களில் வேலைசெய்த விரிவுரையாளர், ஆய்வுகூட உதவியாளர், காவலாளிகளில் இன்று இருப்பவர்கள் முதியவர்கள். அவர்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்துவைக்க வேண்டும். 1979க்கு முந்திய வளாகப் படங்கள் வீட்டு அல்பங்களில் கிடக்கும். வாசகர்களிடம் கேட்டுத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வாரம் ஒன்றாகப் போட்டால், தொடக்கத்துக்கு அது போதும்.

வாசகர்,
சித்தன்கேணி.