ஓக் ஆலியில் பீக்கன் ஒட்டுக் கட்டியவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அந்துவான் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், நீங்கள் அடிமையாக உழைத்த ஓக் ஆலி கரும்புப் பண்ணையைச் சென்ற மாதம் பார்த்து வந்தேன். ஆற்றுப் பக்கத்திலிருந்து மாளிகை வரை இருபுறமும் கிளை கோத்து நிற்கும் 28 ஓக் மரங்களைப் படமெடுக்கவே பெரும்பாலோர் அங்கே வருகிறார்கள். நானும் முதலில் அவற்றைத்தான் அண்ணாந்து பார்த்து நின்றேன். பின்புறம், இப்போது மீண்டும் கட்டப்பட்டிருக்கும் அடிமைக் குடில்களுக்குள் நுழைந்த பிறகு அந்த மரங்களைப் பார்க்க மனம் வரவில்லை.

வால்நட் குடும்பத்தைச் சேர்ந்த பீக்கன் மரத்தின் கொட்டையை விதைத்தால், முளைக்கும் கன்று தாய்மரத்தைப் போலவே காய்ப்பதில்லை. மெல்லிய ஓடும் நிறைந்த பருப்புமாக ஒரு நல்ல மரம் கிடைத்துவிட்டால், அதன் குச்சியை வெட்டி வேறொரு மரத்தில், பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலங்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும்படி பொருத்திக் கட்டுவதுதான் அதைப் பெருக்கும் வழி. பக்கத்துப் பண்ணையின் மருத்துவர் ஒருவர் இதில் முயன்று தோற்ற பின், குச்சிகள் உங்களிடம் வந்தன. 1846-47 குளிர்காலத்தில் மாளிகையை அடுத்திருந்த 16 மரங்களில் அவற்றை ஒட்டுக் கட்டி வெற்றி கண்டீர்கள். ஒட்டுக் கட்டிப் பழகிய கை எனக்கும் உண்டு. பத்துக் கட்டி மூன்று பிடித்தாலே மகிழ்பவன் என்பதால், அந்த எண்ணிக்கையின் அருமை எனக்குத் தெரியும்.

பண்ணை உரிமையாளர் ஜாக் ரோமான் இறந்த 1848இல் எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலில், பீக்கன் ஒட்டுக் கட்டுவதில் தேர்ந்த தோட்டக்காரர், வயது 38, என்ற குறிப்போடு உங்களுக்கு 1,000 டாலர் விலை எழுதியிருக்கிறார்கள். உங்கள் திறமையை அறிந்தே, அதையும் சேர்த்து விலையிட்டார்கள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. குடும்பப் பெயர் இல்லை. அந்துவான் என்பது மட்டுமே.

1876இல் பிலடெல்பியாவில் நடந்த, அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சியில் உங்கள் மரங்களின் கொட்டை பரிசு பெற்றது. பண்ணையின் அப்போதைய உரிமையாளர் அதைக் காட்சிக்கு வைத்திருந்தார். கண்காட்சியின் நினைவாக ரகத்துக்குச் சென்டினியல், அதாவது நூற்றாண்டு, என்ற பெயர் நிலைத்தது. பின்னாளில் கரும்பு நடுவதற்காக அந்த மரங்களில் பலவற்றை வெட்டிவிட்டார்கள்.

ரகங்களைக் குறித்துவைக்கும் என் நோட்டில், சென்டினியல் என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, அந்துவான் என்று எழுதியிருக்கிறேன்.

அன்புடனும் வணக்கத்துடனும்,
ஒரு தோட்டக்காரன்