விற்ற வண்டியும் மாறாத பெயரும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வாங்குபவர் பெயர் எழுதாமல், விற்பவர் கையெழுத்து மட்டும் போட்ட வண்டிப் பெயர் மாற்றப் படிவங்களை இனி எங்கள் வாகன ஆலோசனை அலுவலகத்தில் வாங்கி வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நம் தொழிலில் ‘ஓப்பன் ஃபார்ம்’ என்று சொல்கிறோமே, அதுதான். இதில் சிலருக்கு வருத்தம். “இத்தனை வருஷம் வாங்கினீங்களே, இப்ப மட்டும் என்ன வந்தது?” என்று ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

எங்களிடம் வருபவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு. பழைய காரை ஒரு புரோக்கர் வழியாக விற்றார். பணம் வந்தது, பெயர் மாற்றத்துக்கான 29, 30 இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டார், ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றையும் இரண்டு சாவிகளையும் கொடுத்தார். அதோடு வண்டியை மறந்தும் போனார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டியதாகக் கைபேசிக்குச் செய்தி வந்தது. சுங்கக் கட்டணம் தானாகக் கழியும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் அவருடையது, கழிந்த பணமும் அவருடையது. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த மாதம் அதிவேகத்துக்காக இ-சலான் வந்தபோது சிரிப்பைக் காணோம். விசாரித்தால் வண்டி அதற்குள் மூன்று கை மாறியிருந்தது. ஆர்.சி.யில் மட்டும் வாத்தியார் பெயரே இருந்தது.

அவருக்கு அபராதத்தோடு போயிற்று. விபத்தாக இருந்திருந்தால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். 2007-ல் விற்கப்பட்ட ஒரு கார், பெயர் மாறாமலேயே பலர் கைக்குப் போய், 2009 மே மாதம் விபத்தில் சிக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இழப்பீட்டுக்குப் பொறுப்பு, பதிவில் பெயர் இருந்த முதல் உரிமையாளருக்குத்தான் என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. “நான் அப்போதே விற்றுவிட்டேன்” என்ற வாதம் எடுபடவில்லை. இன்சூரன்ஸ் காலாவதியான வண்டி என்றால் அந்தத் தொகை யார் கையிலிருந்து போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓப்பன் ஃபார்மின் ஆபத்து இதுதான். வாங்கியவர் என்று ஒருவர் காகிதத்தில் இல்லவே இல்லை. புரோக்கருக்கு அது வசதி: அடுத்த கைக்கு மாற்றும்வரை தன் பெயர் எங்கும் வராது, இடையில் ஒரு பெயர் மாற்றச் செலவும் மிச்சம். அந்த வசதிக்கு உங்கள் கையெழுத்து முதலீடாகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வியாபாரிகள் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தங்களிடம் வந்ததை முறைப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அப்படித் தெரிவிக்கும் வியாபாரியிடம் விற்றால் பொறுப்பு அவருக்குப் போகும். தெரிவிக்கத் தயங்குகிறவரிடம் நாமும் தயங்குவதுதான் சரி.

சட்டம் கேட்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. படிவம் 29, விற்றதாக நீங்கள் தரும் அறிவிப்பு. படிவம் 30, பெயரை மாற்றக் கோரி இரு தரப்பும் கையெழுத்திடுவது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வேறு மாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். படிவத்தோடு வைக்க, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரிண்ட்டைப் பலர் அலட்சியமாக எடுக்கிறார்கள். கிரீஸைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்து ஒரே சீராகத் தேய்த்தால் பதினேழு எழுத்தும் எண்ணும் தெளிவாக விழும். 8-ம் 3-ம் குழம்பினால் அந்த ஒரு துண்டுத் தாளுக்காக இன்னொரு நடை நடக்க வேண்டும்.

விண்ணப்பம் இப்போது அரசின் பரிவாஹன் இணையதளம் வழியாகப் போகிறது. பதிவில் இருக்கும் கைபேசி எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும். எண்ணை மாற்றியவர்கள் விலை பேசும் முன்பே அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் வாங்கியபின் “அந்த சிம் இப்போ இல்லையே” என்று வருபவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. கடன் முடிந்த வண்டிக்கு ஹெச்.பி. ரத்து, அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குவது, தனி வேலை. தவணை கட்டி முடித்ததும் அது தானாக ஆர்.சி.யிலிருந்து போய்விடாது. வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ம் வேண்டும்.

வண்டியை ஒப்படைத்ததாக எழுதி வாங்கும் டெலிவரி நோட் பற்றி ஒன்று. தேதி மட்டும் எழுதாமல் மணியும் எழுதுங்கள். சாயங்காலம் நாலு மணிக்குச் சாவி கொடுத்து, ஆறு மணிக்கு சிக்னலைத் தாண்டி கேமராவில் சிக்கினால், அது யார் கணக்கு என்று அந்த ஒரு வரிதான் சொல்லும். ஓடிய கிலோமீட்டரையும் எழுதி, வாங்குபவரின் ஆதார் நகலில் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கை அன்றே மூடிவிடுங்கள். கண்ணாடியிலிருந்து ஸ்டிக்கரைக் கிழித்தால் கணக்கு மூடியதாகாது. வாங்குபவர் தம் பங்குக்கு, பணம் தருமுன் வண்டியின் மேல் நிலுவையில் உள்ள சலான்களைத் தளத்தில் பார்த்துவிட வேண்டும்.

இன்சூரன்ஸில் இரு தரப்புமே ஏமாறுவதைப் பார்க்கிறோம். பாலிசியோடு வண்டி கை மாறினால், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு சட்டப்படி புது உரிமையாளருக்குத் தொடரும். ஆனால் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு, பாலிசியிலும் பெயர் மாறியிருந்தால்தான் பணம். அதற்கு வாங்கியவர் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். க்ளெய்ம் இல்லாததால் சேர்ந்த போனஸோ வண்டிக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. ஐந்து வருஷம் க்ளெய்ம் செய்யாமல் 50 சதவீதம் சேர்த்தவர், அதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். கேட்டு வாங்காதவர்கள்தான் அதிகம்.

இனி வரி. 2024 டிசம்பரில் கூடிய 55-வது ஜி.எஸ்.டி. மன்றக் கூட்டத்துக்குப் பிறகு, “பழைய காரை விற்றால் 18 சதவீதம் கட்டணுமாமே” என்று பத்து நாள் எங்கள் போன் ஓயவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த கணக்கு ஒன்று, நஷ்டத்துக்கு விற்றாலும் வரி என்று பயமுறுத்தியது. அப்படி இல்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. வரி, ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரிக்கு. அதுவும் லாபத்தின் மீது மட்டும். 4 லட்சத்துக்கு வாங்கி நாலரை லட்சத்துக்கு அவர் விற்றால், இடையில் உள்ள 50,000 ரூபாய்க்கு 9,000 ரூபாய். லாபமே இல்லையென்றால் வரியும் இல்லை. சொந்தக் கார் விற்ற பணத்துக்கு வருமான வரியும் வராது. அது சொந்த உபயோகப் பொருள் என்பதால் மூலதன ஆதாயக் கணக்கில் சேராது. நஷ்டத்தையும் கழிக்க முடியாது என்பது அதன் மறுபக்கம். கடை அல்லது கம்பெனிக் கணக்கில் வாங்கி ஆண்டுதோறும் தேய்மானம் கழித்த கார் என்றால் கதையே வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் விற்காதீர்கள்.

எல்லோரும் கோட்டை விடுவது ரொக்கத்தில். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு, அதாவது விற்றவருக்கு. இரண்டு நாளாகப் பிரித்து வாங்கினாலும் விற்பனை ஒன்றுதான். வங்கி வழியாக வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுவே சாட்சி.

புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டியை விலை மலிவு என்று வாங்குபவர்கள், இங்கே கட்ட வேண்டிய ஆயுட்கால வரியையும் கூட்டிப் பாருங்கள். அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பப் பெற அந்த மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு வண்டி தமிழ்நாட்டுக்குள்ளேயே கை மாறினால் கட்டிய ஆயுட்கால வரி வண்டியோடு போகும். 15 வருஷத்தை நெருங்கும் வண்டிக்கு, நாம் எஃப்.சி. என்று சொல்லும் மறுபதிவும் பசுமை வரியும் அடுத்து வந்து நிற்கும். அதை விலையில் பேசிக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டால் குடும்பத்தார் அவர் பெயரிலேயே விற்க முடியாது. முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு வர வேண்டும். துக்க வீட்டில் இதைச் சொல்ல எங்களுக்கே நா எழுவதில்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் மேசை இழுப்பறையில் ஓப்பன் ஃபார்ம் கவர்கள் ஒன்பது இன்னும் இருக்கின்றன. பழையது ஒன்றில் ரப்பர் பேண்டே உளுத்து ஒட்டிக்கொண்டுவிட்டது. உரியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருக்கிறோம். வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள், எதிரில் உட்கார வைத்தே பெயர் எழுதிப் பெயர் மாற்றத்துக்குப் போடுவோம். தெரியாது என்றால் கவரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, டெலிவரி நோட் ஏதும் வீட்டில் இருக்கிறதா என்று அன்றைக்கே தேடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாகன ஆலோசனை அலுவலகத்தார்