பிளாக் லேயரைச் சீர்செய்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், டிஸ்க்குக்குப் போகும் படிப்பு, எழுத்துக் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் லேயரில் உழைத்தவர்களுக்கும், இன்னும் உழைப்பவர்களுக்கும் வணக்கம்.

தரவுத்தள சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. டிஸ்க் ஒழுங்காக ஓடினால் என்னை யாரும் தேட மாட்டார்கள். சில வருடங்களாக அவ்வளவாக யாரும் தேடுவதில்லை. அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்.

முன்பிருந்த நிலைமை புதிதாக வருபவர்களுக்குத் தெரிந்திருக்காது. சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, இருநூறு கோரிக்கைகளுக்கே மூச்சுவாங்கிய காலத்தில், டிவைஸுக்கு ஒரே கியூ (கோரிக்கைகள் காத்திருக்கும் வரிசை), அந்தக் கியூவுக்கு ஒரே லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) என்ற ஏற்பாடு போதுமானதாக இருந்தது. நொடிக்கு லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் எஸ்எஸ்டி வந்ததும், பந்தியில் நூறு இலை போட்டுவிட்டுப் பரிமாற ஒரே கரண்டி வைத்த கதையாகிவிட்டது. சிபியு நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் பெர்ஃப் டாப் கருவியை ஓடவிட்டால், முதல் வரியிலேயே ஸ்பின்லாக் (பூட்டு திறக்கும்வரை சிபியு சும்மா சுற்றிக் காத்திருப்பது) உட்கார்ந்திருக்கும். கோர்களைக் கூட்டக் கூட்ட வேகம் குறையும். லாக் இருக்கும் கேஷ் லைன் (சிபியு தன்னருகே வைத்துக்கொள்ளும் நினைவகத் துண்டு) ஒரு சிபியு சாக்கெட்டுக்கும் மறு சாக்கெட்டுக்கும் அலைவதிலேயே நேரம் போய்விடும்.

முதல் நன்றி யென்ஸ் ஆக்ஸ்போ, மத்தியாஸ் பியோர்லிங் ஆகியோருக்கு. அவர்களும் சகாக்களும் 2013-ல் கட்டுரையாக முன்வைத்த பிஎல்கே-எம்கியூ (பல கியூ கொண்ட பிளாக் லேயர், சுருக்கமாக எம்கியூ), 2014 ஜனவரியில் 3.13 கெர்னலோடு வந்தது. ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு மென்பொருள் கியூ. அதற்குக் கீழே டிவைஸ் எத்தனை தருகிறதோ அத்தனை வன்பொருள் கியூக்கள். எனக்கு மிகவும் பிடித்தது டேக் ஏற்பாடு. கோரிக்கைக்கான நினைவகம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கும். வேலை முடிந்ததும் டிவைஸ் அந்த எண்ணைச் சொன்னால் போதும், தேடுகிற வேலையே இல்லை.

இதற்கெல்லாம் ஏற்கெனவே நிறையக் கைதட்டல் கிடைத்துவிட்டது. ஒரே கியூ கொண்ட பழைய பாதையை இழுத்து மூடினீர்களே, அதற்காகத்தான் முக்கியமாக இந்த மடல். அலுப்பான வேலை, வெளியில் பேரும் கிடைக்காது.

பலவகை டிஸ்க்குகளைக் கையாளும் கெர்னல் பகுதியான ஸ்கஸியை எம்கியூவுக்குக் கொண்டுவந்தவர் கிறிஸ்டோஃப் ஹெல்விக். 2017-ல் அதையே இயல்பான பாதையாக்கப் பார்த்தபோது, சுழலும் டிஸ்க்குகளில் வேகம் விழுகிறது என்று புகார் எழுந்தது. பிடிவாதம் பிடிக்காமல் மாற்றத்தைத் திரும்பப் பெற்றீர்கள். டிவைஸ் நிரம்பியிருக்கும்போதே கோரிக்கைகளை, அவற்றை ஒழுங்குபடுத்தும் ஷெட்யூலரிலிருந்து அவசரப்பட்டு எடுத்துவிட்டதால், அடுத்தடுத்த கோரிக்கைகள் ஒன்றோடொன்று இணைய வழியில்லாமல் போயிருந்தது. மிங் லெய் அதைச் சரிசெய்தார். அதன் பிறகுதான் 4.19-ல் எம்கியூ மறுபடி இயல்பானது.

ஒமர் சாண்டோவல் போன்றவர்கள் அடாரி, அமிகா என்ற பழைய கணினிகளின் ஃபிளாப்பி டிரைவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. இன்று யார் வீட்டில் அமிகா ஓடுகிறது என்று கேட்டு அவற்றைத் தூக்கி எறிந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் மாற்றி எழுதினார்கள். 2019 மார்ச்சில் 5.0 வந்தபோது பழைய பாதை கெர்னலிலேயே இல்லை. இப்போது ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா டிரைவருக்கும் போய்ச் சேருகிறது. செயலிகள் கோரிக்கைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திராமல் பிறகு முடிவை வாங்கிக்கொள்ள வழிசெய்யும், அடுத்த 5.1-ல் வந்த ஐஓ யூரிங்கைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

வேகம் கூடியதா குறைந்ததா என்று வாய்ச்சண்டை போடாமல் அளந்து பார்க்க எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவியைத் தந்ததற்குத் தனியாக ஒரு நன்றி. உருப்படியான கணினிப் பதிவுகளோடு புகார் எழுதியவர்களுக்கும், பேட்சை (அனுப்பப்பட்ட நிரல் திருத்தத்தை) வரி வரியாகப் படித்து "இது இன்னும் சரியில்லை" என்று திருப்பி அனுப்பியவர்களுக்கும் அதேபோல.

இப்படிக்கு,
உங்கள் தயவில் இரவில் தூங்கும் ஒரு சர்வர்காரன்