ஜன்னலுக்கு 500 பவுண்டு

ஆசிரியருக்கு,

வலி தணிப்பு சிகிச்சை குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரையில், அதன் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் பெயரே இல்லாதது ஏமாற்றம். லண்டனில் செவிலியராக இருந்தவர். முதுகுவலி அந்த வேலையைப் பறிக்க, மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். நோயாளிகளின் வீட்டுக் கவலைகளெல்லாம் அங்கேதான் காதில் விழுந்தன. 1948இல், மரணப் படுக்கையிலிருந்த போலந்து அகதி டேவிட் டாஸ்மா, மரணத்தை நெருங்கியவர்களுக்காக சிசிலி கட்டப்போகும் இல்லத்தில் தானொரு ஜன்னலாக இருப்பதாகச் சொல்லி 500 பவுண்டு விட்டுச்சென்றார். பிறகு மருத்துவம் படித்து (நாற்பதை நெருங்கும் வயதில்!) டாக்டரான சிசிலி, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். குடும்பத்தாரின் துயரமும் சிகிச்சைக்குள் வந்தது.

என் மாமியாருக்கு மருந்து கொடுக்க வந்த நர்ஸம்மா உடனே கிளம்பமாட்டார். அடுப்படி வாசலில் நின்று, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்பார்.

- ஒரு வாசகி, திருச்சி