தக்சங் வரை எங்கள் கால்களைக் கொண்டுபோனவர்களுக்கு

சேலம், ஏற்காடு அடிவாரம்

அனைவருக்கும் வணக்கம்.

பூட்டானில், பாரோ பள்ளத்தாக்குக்கு மேலே செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் தக்சங் மடாலயத்துக்கு நாங்கள் 11 பேரும் போய்ப் பத்திரமாகத் திரும்பிவிட்டோம். எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கும் முழங்கால் பிசகவில்லை. பாதியில் யாரும் உட்கார்ந்துவிடவில்லை. இதற்குப் பின்னால் இருந்தவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம். அடுத்துக் கிளம்புகிறவர்களுக்கும் பயன்படட்டும்.

முதல் நன்றி ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை பார்க்கும் அக்காமார்களுக்கு. மலை ஏறுவதைப் பற்றி ஊரெல்லாம் பேசும். இறங்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். அடியைக் குட்டையாக வை. முழங்காலை விறைத்து ஊன்றாதே, கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். பயந்து உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கும். சரிவில் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து இறங்கு. கம்பு முதலில், கால் அப்புறம். கழித்துப் போட்ட பழைய காப்பித் தண்டுகளைச் சீவிக் கம்பும் கொடுத்தீர்கள். ஏற்றத்துக்கு முழங்கை உயரம் போதும், இறக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று நீளமாகவே வெட்டி, பிடிக்க இரண்டு இடத்தில் கயிறு சுற்றித் தந்தீர்கள்.

அந்தப் பாடத்தின் அருமை தக்சங்கில்தான் தெரியும். வண்டி நிற்கும் இடம் சுமார் 2,600 மீட்டர். அங்கிருந்து பைன் மரங்களுக்கு நடுவே இரண்டு, மூன்று மணி நேர ஏற்றம். மேலே போனதும் மடாலயம் கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும். 'வந்துவிட்டோம்' என்று பலரும் இருக்கிற தெம்பையெல்லாம் அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது. படி இறங்கி, அருவியருகே பாலம் கடந்து, மறுபடி படி ஏற வேண்டும். மொத்தம் 700 படிகளுக்கு மேல். திரும்பும்போது அதே படிகள் இன்னொரு தரம். தொடை நடுங்க ஆரம்பிப்பது அங்கேதான். ஆகவே பாதித் தெம்பைத் திரும்பும் வழிக்கு மிச்சம் வைக்க வேண்டும்.

எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், குமரகிரிப் படிகளிலும் ஏற்காட்டுச் சரிவுகளிலும் எங்களை நடக்கவைத்த மருத்துவருக்கு நன்றி. "ஏற்காடு காலைப் பழக்கும், மூச்சைப் பழக்காது" என்று நீங்கள் சொன்னது முழு உண்மை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், தக்சங் 3,120. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம் அளவுதான். அதனால் பாரோவில் இரண்டு இரவு தங்கிய பிறகே ஏற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். மலை உயரத்தில் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை யாருக்கு வேண்டும், யாருக்கு ஆகாது என்று ஒவ்வொருவராகப் பார்த்தீர்கள். சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்டீர்கள். அந்த மாத்திரையால் விரல் நுனி மரத்தாலும், அடிக்கடி சிறுநீர் வந்தாலும் பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னதால் யாரும் பதறவில்லை. தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஓர் அடியும் வைக்காமல் இறங்கிவிட வேண்டும் என்ற உங்கள் விதியை எல்லோரும் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தோம்.

செவ்வாய்ப்பேட்டைக் காலணிக் கடைக்காரருக்கு: சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது வந்து ஒரு அளவு பெரிதாக வாங்கச் சொன்னீர்களே, இறக்கத்தில் கட்டைவிரல் முன்னால் போய் இடிக்கவே இல்லை.

கணினி மையத்துத் தம்பிக்கு: ஆதார் பூட்டானில் செல்லாது, வாக்காளர் அட்டை வேண்டும், அல்லது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல்தான் வம்பு. அட்டையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே நுழைவு அனுமதி விண்ணப்பத்தில் ஏற்றிக் கொடுத்தீர்கள். பூட்டான் அரசு இந்தியச் சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் கட்டணம், ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய், அதையும் சரியாகக் கணக்குப் பார்த்தீர்கள்.

பாரோ வழிகாட்டித் தம்பிக்கு இந்த மடலை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். பூட்டான் கடிகாரம் நம்முடையதைவிட அரைமணி முந்தியது. கைக்கடிகாரத்தை மாற்றாதவர்கள் மதிய உணவுக்கு அடைத்த மடாலயக் கதவின் முன்னால் காத்திருப்பார்கள். அதை முதல் நாளே திருத்தினீர்கள். முழுக்கைச் சட்டை போடச் சொன்னீர்கள். கைப்பேசி, கேமரா, பை எல்லாவற்றையும் வாசலில் ஒப்படைக்க வைத்தீர்கள். வலமாகச் சுற்றுவதை மட்டும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பௌத்த குரு பத்மசம்பவர் 8ஆம் நூற்றாண்டில் புலிமேல் வந்து தவம் இருந்ததாக நம்பப்படும் குகை, அதைச் சுற்றி 1692இல் அப்போது பூட்டானை ஆண்ட டென்சின் ரப்கே எழுப்பிய கோயில், 1998 ஏப்ரல் 19இல் அது எரிந்தது, 2005க்குள் மறுபடி கட்டி முடித்தது என்று குரலைத் தாழ்த்தி நீங்கள் சொன்னவிதம் எங்கள் காதிலேயே இருக்கிறது. ஏற்காட்டுச் சேர்வராயன் சாமியைக் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிடுகிறவர்கள் நாங்கள். அந்த இருட்டு எங்களுக்கு அந்நியமாக இல்லை.

குதிரைக்காரர்களுக்கும் நன்றி. குதிரை ஏற்றத்துக்கு மட்டும்தான், அதுவும் நடுவழிச் சிற்றுண்டிச் சாலைப் பக்கம் வரைக்கும்தான். இறக்கத்தில் முன்னால் சரிந்து விழும் ஆபத்து உண்டு என்பதால், கெஞ்சியவர்களையும் நீங்கள் ஏற்றவில்லை. குதிரை வரும்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைப் பக்கமாக ஒட்டி நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சத்தம் கொடுத்தீர்கள்.

தேங்காய் சேர்க்காத புளியோதரையும் கடலை மிட்டாயும் கட்டிக்கொடுத்த எங்கள் வீட்டாருக்கு, நன்றி என்று தனியாகச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்கிறோம்.

காப்பிக் கம்புகள் பதினொன்றையும் கழுவித் துடைத்து அடிவாரத்து டீக்கடையில் வைத்திருக்கிறோம். தக்சங் போகிறவர்கள் எடுத்துப் போகலாம். அடியில் மாட்டிய ரப்பர் மட்டும் தேய்ந்துவிட்டது, புதிதாக மாட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அடிவாரத்தில் நடக்கும் பதினொரு பேர்